பெட்டிக்குள் அடங்கிய துவக்கு

நீளம் 225, உயரம் 150, அகலம் 45. எல்லாம் மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் கூடலாம், குறையக் கூடாது. 2001ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, இந்த எண்களைச் சிகரெட் பெட்டி மட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதி, என் மில்லிங் மெஷினின் தலையில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போனார் குயா. வெளியே பனி முழங்காலளவு. உள்ளே சூடான வெட்டெண்ணெய் மணம். அன்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கழிவுத் தொட்டியில் அலுமினியத் தகடு பொறுக்கினேன்.

'குயா' என்றால் டகாலோக் மொழியில் அண்ணன். எங்கள் வேலைத்தலத்தில் பிலிப்பீன்ஸ்காரர் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு நான் 'தம்பி'. அந்தச் சொல்லை என்னிடம் கேட்டுப் பழகி, கடைசி வரைக்கும் 'டம்பி' என்றே சொன்னார்.

கைத்துப்பாக்கி என்றுதான் எழுத வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் எல்லாமே துவக்கு. வேட்டைக்காரனின் தோளில் தொங்கினாலும் துவக்கு, ஆமிக்காரன் கையில் இருந்தாலும் துவக்கு. எனக்கு அந்தச் சொல்தான் வருகிறது.

பெட்டி எதற்கென்று அன்று எனக்குத் தெரியாது. 'ப்ராக்டிக்கல் ஷூட்டிங்' என்ற போட்டியில் துவக்குகளைப் பிரிவு பிரிவாக வகுத்திருந்தார்கள். 'ஸ்டாண்டர்ட்' என்ற பிரிவில் நிற்பவரின் துவக்கு, வெறும் மகசீன் பூட்டிய நிலையில், குழல் நீண்ட பக்கத்துக்குச் சமாந்தரமாக இருக்க, அந்தப் பெட்டிக்குள் முழுதாக அடங்க வேண்டும். இடுப்பில் செருகியிருக்கும் ஒவ்வொரு மகசீனையும் பூட்டிப் பார்ப்பார்கள். ஒன்று முட்டினாலும் ஆளைத் தூக்கி 'ஓப்பன்' பிரிவில் போட்டுவிடுவார்கள். அங்கே புள்ளிக் கண்ணாடியும் வாய்த்துளைக் கருவியும் பூட்டியவர்களோடு வெறும் இரும்புப் பார்வையை வைத்துக்கொண்டு ஓட வேண்டும்.

முதற்பெட்டி பிழைத்துவிட்டது. ஓரங்களை வெல்ட் பண்ணினேன். ஆறும்போது தகடு இழுத்துக்கொண்டது. வேர்னியரை உள்ளே வைத்தால் 224.6. குயா அதைக் கையில் வாங்கி, திருப்பி, திரும்பத் தந்தார். "இது பத்துப் பேரைப் பிழையாக வெளியேற்றும்" என்றார். இரண்டாவதை வெல்ட் பண்ணாமல் ரிவெற் அடித்தேன். 225.3. அதை வாங்கிக்கொண்டு போனார். பிழைத்த பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா தன் பிரஷர் குளிசைகளையும் பற்றுச்சீட்டுகளையும் அதற்குள் போட்டு வைத்தார்.

வேலைத்தலம் கனடாவில், ஸ்காபரோவின் வடகிழக்கில், டாப்ஸ்கொட் வீதிப் பக்கம். அந்தப் பகுதியில் எங்கள் சனம் வீடு வாங்கிக் குடியேறிக்கொண்டிருந்த காலம். அதே வீதியில்தான் பாரா ஓர்ட்னன்ஸ் என்ற துவக்குக் கொம்பனி இருந்தது. பஸ்சில் தினமும் கடந்து போகும் ஒரு சாதாரணக் கட்டடம். அதற்குள் செய்யப்பட்ட பொருள் இந்த விளையாட்டின் போக்கையே திருப்பியது என்பதை, அதைத் தாண்டிப் போய்வந்த எத்தனை தமிழர் அறிந்திருப்பார்களோ தெரியாது. ஜோன் பிரௌனிங் வடிவமைத்து, அமெரிக்க இராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்ட பிஸ்டலின் கைப்பிடிக்குள் 45 கலிபர் ரவை ஒன்றின் மேலொன்றாக ஏழு போகும். பாரா அந்தக் கைப்பிடியை அகலமாக்கி, ரவையை இரண்டு நிரையாக அடுக்கியது. கொள்ளளவு ஏறத்தாழ இரட்டிப்பு. 80களின் இறுதியில் அந்தப் பிரேம் வெளிவந்ததும், அமெரிக்காவிலும் பிலிப்பீன்சிலும் போட்டிக்காரர்கள் தங்கள் பழைய ஸ்லைடுகளைக் கழற்றி அதன்மேல் பூட்டினார்கள். குயாவின் துவக்கும் அந்தப் பிரேம்தான். பின்னாளில் அந்தக் கொம்பனி வட கரோலினாவுக்குப் போய், கைமாறி, பெயரும் மறைந்துவிட்டது.

குயா பிறந்தது செபு தீவில், டனாவோ நகரில். அங்கே வீட்டுக்கு வீடு துவக்கு செய்வார்கள். லேத் இல்லாமல், அரமும் கைத்துளைக் கருவியும் மட்டும் வைத்துக்கொண்டு. அவருடைய தகப்பனும் அந்த வேலைதான். அரத்தைப் பிடிக்கிற விதத்திலேயே அது தெரியும். நான் அரத்தைத் தள்ளுவேன். அவர் அரத்தின் நுனியில் இடது பெருவிரலை வைத்து அதை நடக்க விடுவார்.

சுடுதளத்துக்கு முதன்முதல் அவர் என்னைக் கூட்டிப்போனது அந்த வருடச் சித்திரையில். பெட்டியைச் செய்தவன் அது பாவிக்கப்படுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நியாயம். இரண்டு மணி நேர ஓட்டம். மண் அணைகளுக்கு நடுவே கடதாசி இலக்குகள். காதுக்கு மூடி தந்திருந்தார்கள். முதல் வெடி கேட்டதும் என் முழங்கால்கள் என்னைக் கேளாமலே மடங்கின. நிலத்தில் கை ஊன்றிவிட்டேன். 87 சண்டையில் யாழ்ப்பாணத்து அளவெட்டியில் ஒரு வேலிக் கரையோடு கிடந்த உடம்பு அது. பதினாலு வருடமாகியும் மறக்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. குயா பக்கத்தில் வந்து குந்தி, என் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அந்த ஆள் சுட்டு முடிக்கும் வரை இருந்தார். பிறகு நடுவர் குரல் கொடுத்தார். "இஃப் யூ ஆர் ஃபினிஷ்ட், அன்லோட் அண்ட் ஷோ கிளியர்." சுட்டவர் மகசீனைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்து, வெறும் அறையை நடுவருக்குக் காட்டினார். அதன் பிறகுதான் "ரேஞ்ச் இஸ் கிளியர்". ஒரு துவக்கு தன் வயிற்றைத் திறந்து, ஒன்றுமில்லை பார் என்று காட்டியதை நான் அதற்கு முதல் கண்டதில்லை. நான் திரும்பத் திரும்ப அங்கே போனதற்கு அந்தக் காட்சிதான் காரணம்.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த முடியவில்லை. "நாங்கள் எதிலையிருந்து தப்பி வந்தனாங்கள், நீ எதுக்குள்ளை போறாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் முழுப் பதில் இல்லை. குயா வீட்டுக்கு வந்து, இடியப்பத்தைச் சொதியில் குழைத்துக் கையால் சாப்பிட்ட பிறகு, "அந்த மனிசன் நல்ல மனிசன்" என்று மட்டும் அம்மா சொன்னார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இந்த விளையாட்டின் கதையைக் குயாவின் வாயால் கொஞ்சம் கேட்டேன், நானாக வாசித்துக் கொஞ்சம் அறிந்தேன். இன்று இரண்டும் கலந்து கிடக்கின்றன. அமெரிக்க மரைன் படையில் இருந்த ஜெஃப் கூப்பரும் கூட்டாளிகளும் 50களில் கலிபோர்னியாவின் பிக் பெயார் மலையூரில் தொடங்கிய போட்டிகள்தான் வேர். 1975இல் சூரிச்சில் முதல் உலகப் போட்டி. ரே சாப்மன் வென்றார். அடுத்த ஆண்டு மே மாதம் மிசூரியின் கொலம்பியா நகரில் கூடிச் சர்வதேசக் கூட்டமைப்பை அமைத்தார்கள். கூப்பர் முதல் தலைவர். துல்லியம், வலு, வேகம் என்ற பொருளில் மூன்று லத்தீன் சொற்களை இலச்சினையில் பொறித்தார்கள். ஒருவன் அன்றாடம் இடுப்பில் செருகித் திரியக்கூடிய துவக்கோடு வந்து சுட வேண்டும் என்பதே அவர்களுடைய எண்ணம்.

ஆனால் நேரத்தை அளக்கத் தொடங்கினால் பட்டறை விழித்துக்கொள்ளும். 80களின் நடுவில் அமெரிக்கப் போட்டிக்காரர்களான ரொப் லேதமும் பிரையன் ஈனோசும் 45ஐ விட்டு 38 சூப்பர் ரவைக்கு மாறினார்கள். குழல் வாயில் துளையிட்ட ஒரு கட்டையைப் பூட்டினால், சன்னத்துக்குப் பின்னால் வரும் வாயு மேல்நோக்கிப் பாய்ந்து, துவக்கின் மூக்கைக் கீழே அழுத்தும். வாயு எவ்வளவு கூடவோ, மூக்கு அவ்வளவு அடங்கும். சிறிய சன்னம், நிறைய வெடிமருந்து, உயர்ந்த அழுத்தம்: 38 சூப்பர் அதற்கென்றே பிறந்தது போல வாய்த்தது. 1990இல் அடிலெய்டில் டக் கேனிக் உலகப் பட்டம் வென்ற நேரத்தில் சிவப்புப் புள்ளிக் கண்ணாடியும் வந்துவிட்டது. கூப்பர் மனம் நொந்தார். தான் தொடங்கியது இதுவல்ல என்று வெளிப்படையாகவே எழுதினார். அவர் சொன்னதில் பாதியை நான் ஏற்கிறேன். மற்றப் பாதியைக் குயாவின் மேசையில் நின்று பார்த்த ஒருவனால் ஏற்க முடியாது. அந்தக் கைகள் சும்மா இருந்திருக்க முடியாது.

பிரிவுகள் அப்படித்தான் பிறந்தன. எதையும் பூட்டலாம் என்கிறவர்களுக்கு ஓப்பன். பூட்டாமல் சுடுகிறவர்களுக்கு ஸ்டாண்டர்ட். கடையில் வாங்கிய துவக்கைப் பெரிதாகக் கை வைக்காமல் கொண்டுவருபவர்களுக்கு ப்ரொடக்‌ஷன். பழைய 1911ஐ விடமாட்டேன் என்பவர்களுக்குப் பிறகு கிளாசிக் வந்தது. விதிப்புத்தகத்தைக் குயா பைபிளைப் போல உறை போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய அரம் இருக்கிறது என்று அதைக் காட்டிச் சொல்வார். துவக்கின் பிடி உடம்பிலிருந்து 50 மில்லிமீற்றருக்கு மேல் தள்ளி நிற்கக் கூடாது என்று ஒரு வரி. அப்படியென்றால் யாரோ ஒருவர் தள்ளி நிறுத்திப் பார்த்திருக்கிறார். வேகமாக உருவியும் இருக்கிறார். அந்த யாரோவை நினைத்து அவர் சந்தோஷப்படுவார்.

வலுவை அளக்கவும் ஒரு கணக்கு உண்டு. சன்னத்தின் எடையைக் கிரெயினில் எடு, வேகத்தைச் செக்கனுக்கு எத்தனை அடி என்று எடு, பெருக்கு, ஆயிரத்தால் பிரி. 180 கிரெயின், 950 அடி: 171. ஸ்டாண்டர்ட் பிரிவில் 'மேஜர்' என்று கணக்கெடுக்க 170 வேண்டும். இலக்கின் நடு வலயத்துக்கு அடுத்த வலயத்தில் பட்ட சன்னத்துக்கு மேஜரென்றால் நாலு புள்ளி, மைனரென்றால் மூன்று. 170க்கு மேல் மிச்சமிருக்கிற அந்த ஒன்றுக்காகக் குயா பாடுபட்டார். குளிர் நாளில் சில மருந்து சோம்பிப் போகும், வேகம் விழும். வேகமானி மேசைக்குப் போகும்வரை அவர் ரவைப் பெட்டியை ஜக்கெற்றுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நிற்பார், முட்டையில் கிடக்கிற கோழியைப் போல.

ப்ரொடக்‌ஷன்காரருக்கு விசைக் கனம். முதல் வெடிக்கு 2.27 கிலோ, அல்லது ஒவ்வொரு வெடிக்கும் 1.36 கிலோ. சோதிக்க எடைக்கட்டி வேண்டும். அதையும் நான்தான் செய்தேன். 50 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பியில் எண்பத்து இரண்டு நீளம் வெட்டி, லேத்தில் முகம் பிடித்து, தலையில் மரை போட்டுக் கொக்கி பூட்டினேன். மீன் கடைத் தராசில் 1.371 காட்டியது. முகத்தை மயிரிழையாக இரண்டு தரம் சீவினேன். 1.362. குயா கையில் ஏந்திப் பார்த்து, "இன்னும் இரண்டு கிராம்" என்றார். தராசை விட அவருடைய உள்ளங்கையை நான் நம்பினேன். எமரி தாளில் தேய்த்தேன்.

ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். 2003 புரட்டாதியில் அவருடைய துவக்கின் சியரை என்னிடம் தந்தார். சியர் என்பது விரல் நகத்தளவு இரும்புத் துண்டு. அதன் மூக்கு சுத்தியலின் கொக்கியில் அரை மில்லிமீற்றர் அளவுக்குத் தொற்றி நிற்கிறது. அந்த அரை மில்லிமீற்றர்தான் துவக்குக்கும் விபத்துக்கும் நடுவில் உள்ள சுவர். நான் விசை கண்ணாடி முறிவது போல இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கல்லில் இன்னும் நாலு இழுவை கூட இழுத்தேன். மேசையில் அது அற்புதமாக இருந்தது. போட்டியில், "லோட் அண்ட் மேக் ரெடி" என்றதும் அவர் மகசீனைப் பூட்டி ஸ்லைடை விட்டார். ஸ்லைட் மூடிய அதிர்விலே சுத்தியல் பின்தொடர்ந்து இறங்கி, அரைக் கொக்கியில் பிடித்து நின்றது. வெடிக்கவில்லை. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நடுவர்கூடக் கவனிக்கவில்லை. குயா துவக்கை அணையை நோக்கிப் பிடித்தபடி, தலையைத் திருப்பாமல், "என் துவக்கு பாதுகாப்பானதல்ல, நான் விலகுகிறேன்" என்று சொல்லி வெறுமையாக்கிக் காட்டினார்.

திரும்பி வரும் வழியில் நான் அழுதேன். அவர் ஒரு கோப்பிக் கடையில் வண்டியை நிறுத்தினார். "அரம் எடுத்ததைத் திரும்ப வைக்காது, டம்பி" என்றார். கோபமில்லாத குரல். அடுத்த நாள் புதுச் சியர் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, நீயே செய் என்றார். நான் பத்து நாள் எடுத்துச் செய்தேன். அது அவருடைய துவக்கில் கடைசி வரை இருந்தது.

கனடாவில் எங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. 90களின் தொடக்கத்தில் வந்த சட்டத்தின்படி கைத்துப்பாக்கி மகசீனில் பத்து ரவைக்கு மேல் போடக் கூடாது. ரவையை இரட்டிப்பாக்கும் பிரேம் எங்கள் வீதியிலேயே செய்யப்பட்டது. எங்கள் மகசீனிலோ பத்துக்கு மேல் ஏறாதபடி ஒரு ரிவெற். 32 ரவை கேட்கும் நீண்ட கட்டத்தில் அறையில் ஒன்றும் சேர்த்து முதலில் 11, பிறகு பத்து, பிறகு பத்து. கூட்டினால் 31. ஒன்று குறைகிறது. அந்த ஒன்றுக்காக நாலாவது மகசீன். 99இல் செபுவில் உலகப் போட்டி நடந்தபோது குயா லீவு போட்டு ஊருக்குப் போய்ப் பார்த்தார். பத்தொன்பது வயதுப் பிரெஞ்சுப் பையன் எரிக் க்ரொஃபெல் ஓப்பனில் வென்றதை நேரில் கண்டார். அங்கே 170 மில்லிமீற்றர் நீள மகசீனில் இருபத்தைந்துக்கு மேல் ரவை ஏற்றிக்கொண்டு, ஒரு தரம் மட்டும் மாற்றிக்கொண்டு ஓடினார்களாம். எங்கள் ஆட்கள் மூன்று தரம் மாற்றுவார்கள். அதனாலேயே மகசீன் மாற்றுவதில் எங்கள் தளத்தில் சிலருடைய கை கண்ணுக்குத் தெரியாது. கைப்பிடி வாயில் பூட்டும் புனலைக் குயா எத்தனை அகலத்துக்கு விரிக்க முடியுமோ அத்தனைக்கு விரித்து ராவியிருந்தார். 44.8. பெட்டி 45.

கோடைச் சனிக்கிழமைக் காலைகள்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகின்றன. சோதனை மேசையில் நீல விரிப்பு. அதன்மேல் என் பெட்டி, பக்கத்தில் என் எடைக்கட்டி. வரிசையில் சீனர், பிலிப்பீன்ஸ்காரர், இத்தாலியக் கிழவர்கள், ஒரு பல் வைத்தியர், இரண்டு லொறிச் சாரதிகள். ஒவ்வொருவரும் துவக்கை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். குயாவின் முறை வரும்போது, துவக்கு இறங்க, பின்பார்வையின் மூலை பெட்டிச் சுவரோடு உரசி ஒரு சின்னச் சத்தம் கேட்கும். ஒவ்வொரு போட்டியிலும் அதே இடத்தில். வருடங்கள் போகப் போக அலுமினியத்தில் அங்கே ஒரு கீறல் ஆழமாகிக்கொண்டு வந்தது.

அம்மா 2011இல் போனார். குயாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது 2018இல். ஆனாலும் வந்து மேசையில் இருந்தார். 2022 ஒக்ரோபர் 21ஆம் திகதி கனடாவில் கைத்துப்பாக்கி விற்பதும் வாங்குவதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டன. 2023 டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாகியது. ஒலிம்பிக், பாராலிம்பிக் வகைகளுக்கு விலக்குண்டு. எங்கள் விளையாட்டுக்கு இல்லை. உள்ளவர்கள் வைத்திருக்கலாம், சுடலாம். பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. புதிதாக ஒருவர் வாங்க முடியாது.

அந்தச் சட்டம் எதிலிருந்து வந்தது என்று எனக்கு விளங்கும். துவக்கு என்ன செய்யும் என்பதை நான் செய்தியில் படித்து அறிந்தவனல்ல. 1993இல் பிரித்தானியாவின் பிஸ்லியில் உலகப் போட்டி நடந்தது. 1996இல் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் பதினாறு பிள்ளைகளையும் ஓர் ஆசிரியரையும் ஒருவன் கொன்றான். அடுத்த ஆண்டு வந்த தடைச் சட்டத்தால் அந்த நாட்டுப் போட்டிக்காரர்கள் தங்கள் துவக்குகளைக் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு முன்னால் நின்று எதையும் வாதாட என்னால் முடியாது. ஆனாலும், வரிசை ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டு வருவதைப் பார்க்க மனம் கனக்கிறது. இளம் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

குயா 2024 பங்குனியில் காலமானார். நாற்பதாம் நாள் முடிந்த பிறகு அவருடைய மனைவி எனக்கு அழைப்பு எடுத்தார். பொலிஸ் துவக்கை எடுத்துப் போக வருகிறார்களாம், நீ வந்து பக்கத்தில் நில் என்றார். சோதனை மேசைப் பெட்டியையும் கொண்டு வரச் சொன்னார், ஏனென்று சொல்லவில்லை.

சமையலறை மேசையில், பூட்டுத் திறந்த நிலையில் அது கிடந்தது. வந்த இளம் பொலிஸ்காரர் வெறுமையா என்று சோதித்துவிட்டு இலக்கத்தை எழுதத் தொடங்கினார். ஒரு நிமிடம் தர முடியுமா என்று கேட்டேன். அவர் அந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார். ஸ்லைடை ஒருதரம் இழுத்துவிட்டேன்; சுத்தியல் கொக்கியில் நின்றது. என் சியர். மெதுவாக இறக்கிவிட்டு, வெறும் மகசீனைப் பூட்டி, துவக்கைச் சரித்துப் பெட்டிக்குள் வைத்தேன். பின்பார்வையின் மூலை பழைய கீறலைக் கண்டுபிடித்து, அதே சத்தத்தோடு இறங்கியது. அந்த அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "சரியா இருக்கா?" என்று கேட்டார். "சரியாக இருக்கிறது" என்றேன். பொலிஸ்காரர் ரசீது எழுதி முடிக்கும்வரை அது உள்ளேயே கிடந்தது.